காட்டில் ஒரு பகலும் ஓர் இரவும்: தேடலோடு தனியாகப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மனதில் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. மனிதச் சத்தம் இல்லாத இடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். காடோ மலையோ பாலைநிலமோ, கடவுள் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குத் தைரியம் குறைவாக இருப்பதில்லை. வரிசை மாறிப்போவதால்தான் தடுமாறுகிறார்கள். போய்ச் சேர்ந்தபின் கேள்வியைத் தேடுவார்கள், இருட்டியபின் தார்ப்பாய் கட்டுவார்கள், திரும்பிய அன்றே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதுவார்கள். ஆகவே மேலிருந்து வரிசையாகவே படியுங்கள்.

## 1. போகலாமா என்று முதலில் பாருங்கள்

தனிமை மனதில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். ஓரளவு நிதானமாக இருப்பவருக்கு அது உதவும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவருக்கு, அண்மையில் ஒருவரை இழந்து அந்த அதிர்ச்சி இன்னும் இறங்காதவருக்கு, அது பாரம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு போன்றவற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இரவுத் தனிமைக்குப் போக வேண்டாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துபோகிறதென்றால், இப்போது நீங்கள் போக வேண்டியது காட்டுக்கு இல்லை. ஒரு மருத்துவரிடம், நம்பிக்கையான ஒருவரின் பக்கத்தில்.

உடம்புக்கும் இதே கணக்குதான். நீரிழிவு, வலிப்பு, இதயநோய், ஆஸ்துமா, பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ளவர்கள் பகலோடு நிறுத்திக்கொள்ளலாம். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

எல்லோருக்கும் நான் சொல்லும் ஏற்பாடு: முதலில் அரைநாள், அப்புறம் விடியலிலிருந்து அந்தி வரை ஒரு முழுப் பகல், அதற்குப் பிறகுதான் இரவு. அரைநாள் சும்மா உட்கார்ந்தவருக்குத் தன் சலிப்பின் முகம் தெரிந்திருக்கும். தெரியாதவர் சலிப்பையும் பயத்தையும் ஒரே இரவில் சேர்த்துச் சந்திக்க வேண்டிவரும். ‘போனால் ஏழு நாள்’ என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் நாள் தேடுவது மெய்ப்பொருளை இல்லை, பஸ்ஸை.

## 2. கேள்வியை வீட்டிலேயே எழுதுங்கள்

எதற்குப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். ‘மன அமைதி வேண்டும்’, ‘என்னை நானே அறிய வேண்டும்’ என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ‘அம்மா போன பிறகு யாருக்காக இப்படி ஓடுகிறேன்?’ ‘இத்தனை வருடமாகச் சொல்லும் பிரார்த்தனையை நான் இன்னும் நம்புகிறேனா?’ இப்படி, உங்கள் வாழ்க்கையில் வேர் இருக்கிற கேள்வியாக இருக்கட்டும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். ‘வேலையை விடலாமா?’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் சகுனம் பார்க்கத் தொடங்கிவிடுவார். பறவை வலப்பக்கம் பறந்தால் விடலாம், இடப்பக்கம் பறந்தால் வேண்டாம். அதே கேள்வியை ‘எதற்குப் பயந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்?’ என்று மாற்றிப் பாருங்கள். இதற்குப் பறவை பதில் சொல்லாது.

இதை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் எழுதும் வாக்கியம் அநேகமாக மற்றவர்களுக்குச் சொல்வதற்கான வாக்கியமாகத்தான் இருக்கும். நாலைந்து தடவை அடித்து எழுதினால்தான் உண்மையானது கீழே இருந்து வரும். வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். அங்கே போய் ஒருமுறை படித்தால் போதும். நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தால் அலுவலகக் கூட்டம் மரத்தடியில் நடக்கிறது, அவ்வளவுதான்.

## 3. இடம்: அழகு கடைசித் தகுதி

அருவி, சிகரம், பள்ளத்தாக்கைப் பார்க்கும் பாறை, இந்த மாதிரி இடங்களைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அங்கே ஆட்கள் வருவார்கள், கேமராவும் வரும். உங்களுக்கு வேண்டியது யாரும் நின்று பார்க்காத, சாதாரணமான ஓர் இடம். மரங்கள், கொஞ்சம் திறந்த வெளி, சாய்ந்து உட்கார ஒரு பாறை, போதும்.

அனுமதி முதல் வேலை. பாதுகாக்கப்பட்ட காடுகளில் நுழைவதற்கும் இரவு தங்குவதற்கும் தீ மூட்டுவதற்கும் தனித்தனி விதிகள் இருக்கும். தங்க அனுமதி இல்லையென்றால் பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒளிந்து தங்குகிறவர் இரவு முழுக்கக் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். கேள்விக்கு ஏது இடம்? யானை, கரடி, பெரும்பூனைகள் நடமாடும் காட்டில் தனியாக இரவு தங்குவது தேடல் ஆகாது. அங்கே காட்டை ஒட்டிய தங்குமிடத்தின் திண்ணையே சரியான இடம்.

நடந்து சேரும் தூரம் குறைவாக இருக்கட்டும். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் என்பது மலைநடையில் பழைய கணக்கு. சுமையோடு போகும் புதியவர் இதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். களைத்துப்போய்ச் சேர்ந்த உடம்பு உட்காராது, தூங்கும்.

ஒருமுறை பகலில் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா? வறண்ட ஓடையில் உட்காருகிறோமா? (மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும்.) மண்ணில் விலங்குத் தடம் குவிந்திருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் நகருங்கள். ஓடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடிப்பதும் வழக்கமான தவறு. தண்ணீர்ச் சத்தம் மற்ற சத்தங்களை மூடிவிடும். அதோடு, ஓடும் தண்ணீரின் ஓசையில் மனித மூளை பேச்சுக்குரலைக் கண்டுபிடித்துவிடும். பகலில் அது வேடிக்கை. இரவு இரண்டு மணிக்கு யாரோ நம் பெயரைச் சொல்வதுபோல் கேட்கும்.

## 4. நாள்: நிலவையும் வானிலையையும் பார்த்துக் குறியுங்கள்

முதல் இரவுக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாள் நல்லது. முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் எழுந்து விடியும் வரை நிற்கும். அடுத்தடுத்த நாட்களில் நிலவு சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழும்; ஆகவே பௌர்ணமி கழிந்து நாலு நாளானால் முன்னிரவு முழுக்க இருட்டு. நட்சத்திரம் பார்க்க அமாவாசை அருமைதான். அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வானிலை அறிக்கை அருகிலுள்ள ஊருக்குத்தான் வரும். உயரம் கூடக் கூட 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கழித்துக்கொள்ளுங்கள். கீழே 18 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே 8 டிகிரி. காற்று வீசினால் இன்னும் குளிரும்.

இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். விடுப்பு எடுத்தாயிற்று, எல்லோரிடமும் சொல்லியாயிற்று என்பதற்காகக் கிளம்புகிறவர்கள் உண்டு. மழைக்கு அது தெரியாது.

## 5. வெளியே ஒருவர் இருக்க வேண்டும்

தனிமை என்றால் யாருக்கும் சொல்லாமல் போவது என்று சிலர் நினைக்கிறார்கள். யாருக்காவது தெரிந்திருந்தால்தான் மனம் நிம்மதியாகத் தனிமையில் இருக்கும். ‘கால் சறுக்கினால் என்ன ஆகும்?’ என்ற யோசனை பாதிக் கவனத்தைத் தின்றுவிடும்.

இடம், போகும் பாதை, திரும்பும் நேரம், உங்கள் நோய், மருந்து, இவற்றை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். முக்கியமாக ஒரு கெடு: ‘நாளை மதியம் 12 மணிக்குள் என்னிடமிருந்து தகவல் இல்லையென்றால் இந்த எண்ணுக்கு, இந்த வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.’ கெடு எழுதாவிட்டால் அவர் மாலை வரை யோசித்துக்கொண்டிருப்பார்.

இதைவிட நல்ல ஏற்பாடு, கூட வருகிறவர் அரைக் கிலோமீட்டர் தள்ளி முகாம் போட்டுத் தங்குவது. இருவருக்கும் நடுவில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு நீங்கள் போய் அதன் அடியில் ஒரு கல் வைக்க வேண்டும். ஐந்து மணிக்கு அவர் வந்து பார்த்து, பக்கத்தில் தன் கல்லை வைப்பார். காலையில் மறுபடி. சந்திப்பு இல்லை, பேச்சு இல்லை. உங்கள் கல் இல்லையென்றால் அவர் தேடி வருவார்.

ஆபத்துக் குறியையும் பேசிவையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில், நிமிடத்துக்கு மூன்று. செல்போனை நம்பி மட்டும் போகாதீர்கள். 112-ஐ அழுத்தினால் பெரும்பாலான போன்கள் கிடைக்கிற எந்த நெட்வொர்க் வழியாகவும் அவசர அழைப்பைச் சேர்க்கப் பார்க்கும். எந்த நெட்வொர்க்கும் எட்டாத பள்ளத்தில் அதுவும் உதவாது.

## 6. பை

நாலு லிட்டர் தண்ணீர் (வெயில் காலத்தில் இன்னும் கூட). தார்ப்பாய், கயிறு. தரையில் விரிக்கத் தடித்த பாய், ஸ்லீப்பிங் பேக். கம்பளி உடுப்பு, மழைச்சட்டை, தொப்பி, மாற்றுக் காலுறை. ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி, விசில், முதலுதவி, உங்கள் மருந்து, உப்புச்சர்க்கரைப் பொடி. சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. சிறு மண்வெட்டி. காகித வரைபடம். ஒரு நோட்டு, இரண்டு பேனா. அணைத்து, உறையில் கட்டி, பையின் அடியில் போட்ட போன்.

பாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழே இருக்கும் ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

புத்தகம் வேண்டாம், வேதநூலாக இருந்தாலும். சலிப்பு வரும்போது ஒளிந்துகொள்ள அது வசதியான இடம்.

## 7. முந்தைய வாரம்

தினமும் 20 நிமிடம், வெளியே எங்காவது, கையில் ஒன்றும் இல்லாமல் உட்காருங்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும். 2014-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் விட்டுவிட்டு, விருப்பப்பட்டால் அழுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மின்அதிர்ச்சிப் பொத்தானையும் வைத்தார்கள். பதினெட்டு ஆண்களில் 12 பேர், இருபத்துநாலு பெண்களில் 6 பேர் அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். பழகாமல் போனால் காட்டிலும் ஒரு பொத்தானைத் தேடுவீர்கள்.

காபி, டீயை முந்தைய வாரத்திலேயே படிப்படியாகக் குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சரியாக நீங்கள் காட்டில் இருக்கும் நேரம். ‘இடத்தில் ஏதோ ஒரு கனமான சக்தி இருந்தது, தலையை அழுத்தியது’ என்று சொன்னவர்களிடம் நான் முதலில் கேட்பது காபியைப் பற்றித்தான்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தூக்கக் கடனோடு வந்தால் பகல் முழுக்க அதை அடைப்பதிலேயே போய்விடும்.

## 8. சேர்ந்ததும் எல்லா வேலையையும் முடித்துவிடுங்கள்

காலை பத்து, பதினொன்றுக்குள் சேர்ந்துவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் முழுக்க வேலை. தலைக்கு மேலே பாருங்கள், தார்ப்பாய் கட்டுங்கள், பாயை விரித்து ஒருமுறை படுத்துச் சரிவைச் சோதியுங்கள். தண்ணீர் நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15–20 சென்டிமீட்டர் ஆழத்தில் கழிப்பறைக் குழி தோண்டிவிடுங்கள். சாப்பாட்டைப் படுக்கும் இடத்திலிருந்து தூரத்தில், உயரமான கிளையில் கட்டுங்கள். இரவில் எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் கைக்கெட்டும் இடத்தில், எடுத்தால் திரும்ப அதே இடத்தில் வைக்கும் பழக்கத்தோடு, இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? வேலை பாக்கி இருந்தால் மனம் உட்காராது. வேலை என்ற சாக்கு தீர்ந்தால்தான் உண்மையான நாள் தொடங்கும்.

பிறகு ஒரு எல்லை குறியுங்கள். இருபதடி, முப்பதடி குறுக்களவில் கல்லோ குச்சியோ வைத்து ஒரு வட்டம். நாளை காலை வரை இதற்குள்தான் இருப்பேன், கல் வைக்கவும் குழிக்கும் தவிர வெளியே போகமாட்டேன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லை இல்லாதவர் ‘அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது’ என்று பார்க்கக் கிளம்பி, அன்றைய பகலை உலாவிலேயே முடித்துவிடுவார்.

உள்ளே நுழையும்போது கேள்வியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு ஜபமோ பாட்டோ இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் மௌனமாகக் கடந்து போகலாம். வேறொரு சமூகத்தின் சடங்கை வீடியோவில் பார்த்து நகலெடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. வட அமெரிக்கப் பழங்குடிகள் பலரிடம் உள்ள தனிமை நோன்புகளை அந்தச் சமூகத்தின் பெரியவர்கள் முன்னும் பின்னும் இருந்து நடத்துகிறார்கள். அந்தப் பெரியவர்கள் இல்லாமல் இறகையும் புகையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது வேஷம்.

## 9. பகல்: உட்கார்தல்

நீங்கள் நுழைந்ததும் அந்த இடம் வாயை மூடிக்கொள்ளும். அசையாமல் இருந்தால் 15, 20 நிமிடத்தில் மெல்லத் திரும்பி வரும்: முதலில் பூச்சிகள், அப்புறம் தூரத்துப் பறவை, கடைசியில் பக்கத்துப் புதர். இந்தத் திரும்புதலைக் கவனித்துப் பாருங்கள். நாள் முழுக்கச் செய்ய வேண்டியதன் மாதிரி அதுதான். ஒவ்வொரு முறை நீங்கள் எழுந்து பையைக் குடையும்போதும் அந்த 20 நிமிடம் மறுபடி முதலிலிருந்து.

முதல் இரண்டு மணி நேரம் இனிமையாகப் போகும். பிறகு சலிப்பு வரும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான், நடுப்பகல் தொடங்கி மூன்று மணி வரை. கூட வந்த ஒருவர் இந்த நேரத்தில் பையை முழுக்கக் கொட்டி, நிறவாரியாக அடுக்கி, மறுபடி கொட்டினார். அப்புறம் தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்து அழகாகப் போட்டார். ‘எவ்வளவு வேலை இருந்தது தெரியுமா?’ என்றார் மறுநாள். ஒரு வேலையும் இருந்ததில்லை.

சலிப்பு வந்தால் எழுந்து ஓடாமல் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மரப்பட்டையில் உள்ளங்கை அகலம் போதும். முதல் ஐந்து நிமிடம் அது பட்டை. பிறகு வெடிப்பின் ஓரத்தில் பச்சைப் பொடியாகப் பாசி தெரியும். எறும்பு ஒன்று இறந்த வண்டின் காலை இழுத்துக்கொண்டு வரும். வெடிப்பில் கால் குறுக்கே மாட்டிக்கொள்ளும். பின்னால் போகும், சுற்றி வரும், விட்டுவிட்டுப் போய் இன்னொரு எறும்போடு வரும். இருபது நிமிடம் ஓடியிருக்கும். அவ்வளவு நேரம் ‘நான், எனது’ என்ற புலம்பல் கேட்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனிப்பீர்கள். அதைப் பிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

என்ன எண்ணங்கள் வரும்? பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்தவருக்கு, மைத்துனர் எப்போதோ சொன்ன ஒரு குத்தலான வார்த்தை திரும்பத் திரும்ப வரும். திருப்பித் தராத கடன் வரும். ‘இவ்வளவு தூரம் வந்து இதைத்தானா நினைக்கிறேன்?’ என்று தன்மீதே கோபம் வரும். வரட்டும். அடியில் தங்கியது மேலே வருகிறது. விரட்டினால் சுற்றி வந்து மறுபடி நிற்கும். ‘சரி, இதுவும் இருக்கிறது’ என்று ஒப்புக்கொண்டு பார்வையை மரத்துக்கோ மண்ணுக்கோ திருப்புங்கள். அழுகை வந்தால் அழுங்கள். யாரும் பார்க்கவில்லை.

நோட்டில் கொஞ்சமாக எழுதுங்கள். பார்த்ததை, கேட்டதை மட்டும்: ‘மேற்கே இருந்து காற்று. சருகு. கோபம் வந்தது, போனது.’ விளக்கம் வேண்டாம். விளக்கம் எழுதத் தொடங்கிய நிமிடம், கேட்கப்போகிறவர்களின் முகம் மனதில் வந்து உட்கார்ந்துவிடும்.

தூக்கம் வந்தால் அரைமணி தூங்கலாம். கால் மரத்தால் எல்லைக்குள்ளேயே, ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று நடக்கலாம். கடிகாரம் பார்க்காதீர்கள். கையை நீட்டி, சூரியனுக்குக் கீழே விரல்களைப் படுக்கையாக வைத்து அடிவானம் வரை அளந்தால் ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். கல் வைக்கும் நேரத்துக்கு இந்தக் கணக்கே போதும். (சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.)

## 10. பசி

பசித்திரு, தனித்திரு, விழித்திரு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட ஆசை வரும். முதல் முறை தனித்திருப்பது மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். பட்டினி கிடந்தால் குளிர் அதிகமாகத் தெரியும், நிதானம் குறையும், இறங்கும்போது கால் தடுமாறும். எது பசியால் வந்தது, எது கேள்வியால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது.

நோன்பு உங்கள் வழக்கத்திலேயே இருக்கிறதென்றால் லேசாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. காட்டு நீரைக் குடிப்பதானால் கொதிக்கக் கொதிக்க ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். அடுப்பு கொண்டுபோகவில்லையா? அப்போது சுமந்து வந்ததுதான் கணக்கு.

## 11. இரவு

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டு, சூடான உடுப்பை மாட்டிக்கொள்ளுங்கள். குளிரத் தொடங்கியபின் போட்டால் உடம்பு மறுபடி சூடேற நேரமாகும். வியர்த்த சட்டையோடு படுக்காதீர்கள்.

இருட்டும்போது டார்ச் போடாமல் பொறுத்துப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் அது பெரும்பாலும் வீண். டார்ச் போட்டுப் போட்டுப் பார்க்கிறவருக்குத்தான் இருட்டு சுவர்போல நிற்கும். ஹெட்லேம்பில் சிவப்பு விளக்கு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பயம் வரும். அதை ஆன்மிகப் பலவீனம் என்று எண்ணாதீர்கள். புதிய இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட லேசாகவே தூங்கிக் காவல் காக்கிறது என்று 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுகமான அறையிலேயே அப்படி. மரத்தடியில் எலி ஓடினால் காட்டெருமை மாதிரிதான் கேட்கும்.

சத்தம் கேட்டால் மூன்று கேள்வி: எந்தத் திசை? நெருங்குகிறதா? ஒரே சீரில் திரும்பத் திரும்ப வருகிறதா? சீராக வந்தால் பெரும்பாலும் காற்றும் கிளையும். நெருங்கினால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். பல விலங்குகள் மனிதக் குரலுக்கு விலகிப்போகும். திசை கண்டு பெயர் வைத்துவிட்டால் பயம் பாதி குறையும். மீதிப் பாதியோடு இருங்கள். அந்தப் பாதியில்தான், ‘எனக்கு உண்மையில் எதை இழக்கப் பயம்?’ என்ற விஷயம் தானாக மேலே வரும். பகலில் எவ்வளவு தோண்டினாலும் வராதது.

அரைத்தூக்கத்தில் உருவம் தெரிவதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்பதும் இயல்பு. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும் நடக்கும். அதை தரிசனம் என்று கொண்டாடவும் வேண்டாம், பேய் என்று அலறவும் வேண்டாம். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்? விடாமல் நடுங்கினால், விரல் முடிச்சுப் போடத் தடுமாறினால், நாக்கு குழறினால் உடம்பு வெப்பம் இழக்கிறது. பத்து டிகிரியிலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் இது நடக்கும். காய்ந்த உடுப்பு, உணவு, விசில், இந்த வரிசையில். நடுக்கம் தானாக நின்று தூக்கம் தூக்கமாக வந்தால் அது குணமில்லை, மோசமான அறிகுறி. அதற்கு முன்பே ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் தனித்த மரத்தையும் மேட்டையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை திரும்பாதீர்கள். பயம் தாங்கமுடியாமல் போனாலும் விசில் ஊதலாம். இருட்டில் தனியாக ஓடி இறங்குவதுதான் ஆபத்து.

## 12. விடிந்ததும்

விடியலுக்கு முன் எழுந்து உட்காருங்கள். பலருக்கும் அந்த முழு நாளில் மிகத் தெளிவான நேரம் இதுதான். தூங்கி விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் வந்ததும் கேள்வித்தாளை இரண்டாவது முறை படியுங்கள். பதில் எழுத முயலாமல், கேள்வி அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில சமயம் ஒரு வார்த்தையை மாற்றத் தோன்றும். மாற்றுங்கள். சில சமயம் வேறொரு கேள்வியே அங்கே நிற்கும்.

காலைக் கல்லை வைத்துவிட்டு, எல்லைக் கற்களைக் கலைத்து, குழியை மூடி, சருகைப் பரப்பிவிட்டுக் கிளம்புங்கள். இறங்கும்போது வேகம் வேண்டாம். அரைத்தூக்கத்தில், மனம் எங்கோ இருக்க, இறக்கத்தில்தான் கணுக்கால் பிசகும். நீண்ட தூரம் நீங்களே வண்டி ஓட்டித் திரும்புவதாகத் திட்டமிடாதீர்கள்.

## 13. திரும்பி வந்த பின்

போனை ஆன் செய்வதைச் சாயங்காலம் வரை தள்ளிப்போடுங்கள்; கெடுவுக்குள் அந்த ஒருவருக்குத் தகவல் சொல்வது மட்டும் விதிவிலக்கு. வீட்டில் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பார்கள். ‘நன்றாக இருந்தது, மெதுவாகச் சொல்கிறேன்’ என்றால் போதும். ஒரு கதையை முதல் தடவை சொல்லும்போதே கேட்பவருக்கு ஏற்றபடி அது வடிவம் மாறும். பத்தாவது தடவை சொல்லும்போது நடந்தது போய் சொன்னது மட்டும் நினைவில் நிற்கும். மூன்று நாள் பொறுத்து, தீர்ப்பு சொல்லாமல் கேட்கும் ஒரே ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். அதற்கு முன் நோட்டை எடுத்து, நடந்ததை வரிசையாக எழுதிவிடுங்கள்.

பெரிய முடிவு எதையும் ஒரு மாதத்துக்கு எடுக்காதீர்கள். தனிமையிலிருந்து வந்தவருக்குச் சில நாள் எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சில் வேலை, திருமணம், பணம் மூன்றிலும் கை வைத்துப் பிறகு அவதிப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிலாக ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யுங்கள்: தினமும் காலையில் பத்து நிமிடம் வெளியே உட்கார்வது, பேசாமல் விட்ட ஒருவருக்குப் போன் செய்வது, அந்த அளவில். காட்டில் கண்டது ஒரு மாதம் கழித்தும் அந்தச் சின்ன மாற்றத்தில் உயிரோடு இருந்தால் பெரியதைப் பற்றி யோசிக்கலாம்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று வருகிறவர்களும் நிறைய. அவர்களை நான் நோட்டைப் படித்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் அதில் ஒரே விஷயம் மூன்று நாலு இடத்தில் வந்திருக்கும், அவர் கவனிக்காமலே. அப்படி எதுவும் இல்லையென்றாலும் பரவாயில்லை. முதல் முறை மனம் இடத்தைப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவழித்திருக்கும்.

அதனால்தான் அடுத்த முறையும் அதே இடத்துக்கே போகச் சொல்கிறேன். மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். அதே மரம், அதே கேள்வி அல்லது திருத்திய கேள்வி. விடுப்பு கேட்கும்போது இரண்டு நாளோடு நிறுத்தாமல், திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்து மூன்று நாளாகக் கேளுங்கள்.